விதானையாரம்மா

பள்ளிவாசல்துறைக்கு வந்து "கிராம உத்தியோகத்தர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்பார்கள். விதானையார் வீடு என்று கேட்டால் போதும், நண்டு கொத்திக்கொண்டிருக்கிறவரும் கத்தியை வைத்துவிட்டு எழும்பி வந்து வழி காட்டுவார். அரசாங்கம் அந்த உத்தியோகத்துக்குப் பெயரை மாற்றி மாற்றி வைத்தது. கிராம சேவகர் என்றார்கள். பிறகு அதுவும் சரியில்லை என்று கிராம உத்தியோகத்தர் என்றார்கள். பலகை எழுதுகிற ஆளுக்கு நாலு காசு கிடைத்ததுதான் மிச்சம். எங்கள் வாய்க்கு விதானையார்தான்.

விதானையாருடைய பெண்சாதி விதானையாரம்மா. மாஸ்டருடைய பெண்சாதி மாஸ்டரம்மா மாதிரி, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாருடைய பெண்சாதி மோதினாரம்மா மாதிரி. அவர் அந்த வேலைக்குப் படித்தார், அவள் அவரைக் கட்டினாள், அவளுக்கும் ஒரு பட்டம். இதில் எவருக்கும் ஒரு குழப்பமும் இருக்கவில்லை, பக்கத்து வீட்டு றம்ஸியாவுக்கு அந்த வேலை கிடைக்கும் வரைக்கும்.

நான் எமிலியா. குருநகரில் பிறந்து, சண்டைக்குள் இடம் இடமாக ஓடி, கடைசியில் இந்தத் துறையில் தையல் மெஷினை இறக்கினேன். சண்டை முடிந்த பிறகு எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள், நீயும் போ என்றார்கள். போய் என்ன செய்வது? இங்கே எனக்கு ஹபாயா தைக்கக் கொடுக்கிற அறுபது வீடு இருக்கிறது. எனக்கும் றம்ஸியாவுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. மெஷினை நிறுத்தினால் அந்தப் பக்கத்துக் கதை இந்தப் பக்கம் வரும். ஒட்டுக்கேட்கிறவள் என்று என்னை நினைக்க வேண்டாம். கிடுகு வேலியில் காதை வைக்கத் தேவையே இல்லை.

றம்ஸியா படித்த படிப்பை நான் பார்த்திருக்கிறேன். விடியப்புறம் பதுர்தீன் நண்டு வலையோடு களப்புக் கடலுக்குப் போவான். அவனை அனுப்பிவிட்டு, பிள்ளைகள் எழும்புகிறதுக்குள் குசினி வாசலில் இருந்து வாய்விட்டுப் படிப்பாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும், அவள் பாட்டுக்கு இலங்கையில் எத்தனை மாகாணம், எத்தனை மாவட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வள்ளம் திரும்பியதும் வலையை முற்றத்தில் விரித்துப் போட்டு இரண்டு பேருமாக நண்டு கழற்றுவார்கள். நீலக்கால் நண்டு, காலும் கொடுக்கும் உடையாமல் எடுத்தால்தான் வியாபாரி முழு விலை தருவான். ஒரு கையால் நண்டு, மற்றக் கையால் புத்தகத்தின் தாள். நண்டு நாற்றம் அடிக்கிற புத்தகத்தில் படித்துத்தான் அவள் சோதனை பாஸ் பண்ணினாள்.

நியமனம் வந்த அன்று பதுர்தீன் ஒரு பெரிய வட்டிலப்பம் வாங்கி வந்து எங்கள் வீட்டுக்கும் வெட்டித் தந்தான். "எமிலியாக்கா, இனி எங்கட வீட்டுல கவுமெந்து உத்தியோகம் இரிக்கி," என்றான். அவனுக்குப் பல் முழுக்கத் தெரிந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதுதான் கந்தோர். மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. முதல் கிழமை நான் என் அடையாள அட்டை விஷயமாகப் போய் வாசல் மர வாங்கில் இருந்தேன். ஒரு மனிதர் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் றம்ஸியா இருக்கிறாள். அவர் அவளைத் தாண்டி அலுமாரிப் பக்கம் பார்த்தார்.

"விதானையார் இல்லியா புள்ள?"

"நான்தான் விதானையார். சொல்லுங்க."

"ஓ, விதானையாரம்மாவா." அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். "அவர் எப்ப வருவார்?"

"அவர் எண்டு ஒருத்தர் இல்ல. நான்தான்."

"சரி, சரி. நான் பொறவு வாறேன், விதானையாரம்மா. அவர் வந்தா சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. அவளும் சிரித்தாள். முதல் கிழமை சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகுதான் ஊர் தன் கணக்கைப் போட்டது. பெண் பிள்ளையை மரியாதையாகக் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட ஏலாது, உத்தியோகம் பார்க்கிறாள். விதானையார் என்று கூப்பிட்டால் ஆம்பிளையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். ஆகவே விதானையாரம்மா. சரி. ஒரு வீட்டில் விதானையாரம்மா இருந்தால், அந்த வீட்டில் விதானையார் ஒருவரும் இருக்கத்தானே வேண்டும்? இருக்கிறார். நண்டு வலையோடு களப்பில் நிற்கிறார்.

தொடக்கி வைத்தவன் ஜபார். பதுர்தீனோடு ஒரே வள்ளத்தில் போகிறவன், வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் பதுர்தீன் துறைக்கு இறங்கும்போது, "தள்ளுங்கடா, விதானையார் வாறார்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பதுர்தீனும் சிரித்தான். மறுநாளும் சொன்னார்கள். அவனும் பதிலுக்கு, "என்னப்பா, கூரைத் தகரம் கேட்டு வந்தியா? வரிசையில வா," என்றான். பகிடிதான்.

ஆனால் பகிடி எங்கே முடிந்து எங்கே நிசம் தொடங்கியது என்று கேட்டால் ஊரில் எவருக்கும் சொல்லத் தெரியாது. கந்தோருக்குப் போக வெட்கப்பட்ட பெண்டுகள் வழியில் அவனைக் கண்டால், "விதானையார், அந்த நற்சான்றுப் பத்திரம் சரி வந்திட்டுதா எண்டு கேட்டுச் சொல்லுங்களன்," என்றார்கள். அவன் கேட்டுச் சொன்னான். மீனவர் சங்கக் கூட்டத்தில் பின் வாங்கில் இருந்தவனை முன்னுக்குக் கூப்பிட்டு இருத்தினார்கள். ஒரு கலியாண வீட்டில் பெரிய மனிதர்களோடு ஒரே தட்டில், முதல் சஹனில் இருத்தினார்கள். அதற்கு முன் அவன் கலியாண வீடுகளில் சோற்றுக்கிடாரம் தூக்குகிற ஆள். துறைக்குச் சாரமும் வெறும் மேலுமாகப் போனவன், சேட் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினான். நண்டு வலைக்கு எதற்கையா சேட்?

றம்ஸியாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் அதைச் சொன்னாளா என்றால், ஆரம்பத்தில் சொன்னாள். வந்த ஒவ்வொரு ஆளையும் திருத்தினாள். பிறகு குடும்ப அட்டை, சமுர்த்திக் காசு, வாக்காளர் பதிவு, ஆட்டைக் காணவில்லை, எல்லைக் கல்லைக் காணவில்லை என்று நாள் முழுக்க ஆட்கள். ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இல்லை. வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் மூன்று வருஷம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். அதற்குள் ஒரு முறைப்பாடு, ஒரு கறுப்புப் புள்ளி என்றாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் தென்மேற்குச் சோளகக் காற்று ஆனியிலேயே கடுமையாக இறங்கியது. இரண்டு நாளாகக் கடல் பக்கம் எவரும் தலை காட்டவில்லை. வெங்காயத் தோட்டங்களில் மண் பறந்து முகத்தில் ஊசி குத்துகிற மாதிரிக் குத்தியது. மூன்றாம் நாள் காற்று பேய்த்தனமாக அடித்து, மன்னாரில் இருந்து தொண்ணூறில் தமிழ் இயக்கம் வெளியேற்றிய முஸ்லிம் சனம் இருக்கிற குடியிருப்பில் கூரைத் தகரங்களைக் கழற்றி எறிந்தது. இருபத்தைந்து வருஷமாகத் தற்காலிக வீடு என்று சொல்லிச் சொல்லியே அந்தச் சனத்துக்கு மண்டபமும் இல்லை, மதிலும் இல்லை.

றம்ஸியா காற்று அடிக்கும்போதே சைக்கிளை எடுத்தாள். பதுர்தீன், "தகரம் பறக்குது, கழுத்த வெட்டிப் போட்டுரும், நில்லு," என்று கத்தினான். அவள் நிற்கவில்லை. அவன் பின்னால் ஓடினான். இரண்டு பேருமாக அன்று மாலை வரைக்கும் அங்கே நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாளும் அவள் வெள்ளெனக் கந்தோரைப் பூட்டிவிட்டுக் குடியிருப்புக்குப் போய்விட்டாள், எந்த வீட்டுக்கு என்ன சேதம் என்று எழுத. பதுர்தீன் அன்று களப்புக்குப் போனான். இரண்டு மூன்று நாளாக உழைப்பில்லை, வீட்டில் மா முடிந்திருந்தது.

அன்றுதான் பிரதேச செயலகத்தில் இருந்து கௌசிகன் என்கிற உத்தியோகத்தர் வந்தார். வவுனியாப் பக்கத்துப் பெடியன். புதிதாக மாற்றலாகி வந்தவர், எங்கள் ஊரில் எவரையும் தெரியாது. காற்றுச் சேதம் பார்க்க வந்தவர் முதலில் கந்தோருக்குப் போனார். பூட்டு. துறைக்கு வந்தார். அங்கே நின்ற ஒரு ஆளிடம், "விதானையார் எங்க?" என்று கேட்டார்.

"விதானையாரா? நண்டுக்குப் போயிட்டார்," என்றார் அந்த ஆள்.

நினைத்துப் பாருங்கள். முதல் நாள் புயல் மாதிரிக் காற்று அடித்திருக்கிறது, ஊரின் விதானையார் நண்டுக்குப் போயிருக்கிறார். கௌசிகனுக்கு முகம் சிவந்திருக்கும். அந்த நேரம் பார்த்து வள்ளம் கரைக்கு வந்தது. கரையில் நின்றவர்கள், நல்லது செய்கிறோம் என்று நினைத்து, "விதானையார், ஒங்களத் தேடி ஒரு ஆள் வந்திரிக்கி," என்று கத்தினார்கள். பதுர்தீன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"நீங்கள்தானோ விதானையார்?" என்று கௌசிகன் கேட்டார்.

பதுர்தீன், "ஓம்," என்றான்.

கௌசிகன் அவனை ஒருக்கால் பார்த்தார். வேறொன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து றம்ஸியாவைச் செயலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் பின்னேரம் திரும்பி வரும்போது நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றேன். அவள் நேரே உள்ளே போனாள். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து வலையின் மற்றத் தலைப்பில் இருந்து நண்டு கழற்றத் தொடங்கினாள். நான் விளக்குமாற்றை மெதுவாகப் போட்டேன். மெஷின் பக்கம் போகவில்லை. ஓம், அன்று மட்டும் ஒட்டுக்கேட்டேன்.

"காத்தடிச்ச மறுநாள் தொறைக்கு ஒரு ஆள் வந்தாரா?"

"ஆரு?"

"வெள்ளச் சேட்டு. கண்ணாடி."

"வந்தார் போல."

"என்ன கேட்டார்?"

"விதானையாரா எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஒரு நண்டின் கொடுக்கு உடைகிற சத்தம் கேட்டது. பதுர்தீன் நண்டு கழற்றினால் கொடுக்கு உடையாது.

"ஓமெண்டேன்."

றம்ஸியா கையில் இருந்த நண்டைக் கூடைக்குள் போட்டாள். "என்ட வேலைய நீங்க பாக்கிறீங்களாம். நான் பேருக்குக் கதிரையில இரிக்கிறேனாம். அப்படித்தான் எழுதியிரிக்கார். வாற புதன்கிழம சங்கக் கட்டடத்துல விசாரண. அந்த ஒரு ஓமுக்கு என்ட வேல போகப் போகுது."

"நான் கேட்டா அவங்க கூப்பிடுறாங்க? ஊரே கூப்பிடுது. ஒவ்வொருத்தன்ட வாயா போய்ப் பொத்தவா?"

"ஊர் கூப்பிடட்டும். தெரியாத ஒரு ஆள் வந்து கேக்கக்குள்ள, இல்ல, என்ட பொஞ்சாதிதான் எண்டு ஒரு சொல்லு வாயில வரலியா?"

"அவர் கந்தோர் ஆள் எண்டு நெத்தியில எழுதியா இரிந்திச்சு?"

"அப்ப ரோட்டால போறவன் கேட்டா நீங்க விதானையாரா?"

இன்னொரு கொடுக்கு உடைந்தது.

"அந்தச் சொல்லுக்கு மீச மொளச்சிரிக்கா?" அவள் அழுகிறாளா, ஏசுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. "விதானையார் எண்டா ஒரு வேல. அதுல ஆம்புளயும் இல்ல, பொம்புளயும் இல்ல. நான் படிச்சு எடுத்தது. என்ன ஒரு மனிசர், ஒரே ஒரு மனிசர் அப்படிக் கூப்பிடுறதில்ல. எல்லாரும் அம்மா, அம்மா. ஒங்கள மட்டும் கூப்பிடுறாங்க. எனக்கு எப்படி இரிக்கும்?"

"ஒனக்கு வேல இரிக்கி. சம்பளம் இரிக்கி. பலக இரிக்கி," என்றான் பதுர்தீன். "எனக்கு என்ன இரிக்கி? ஒரு பேர். அதுவும் ஒன்ட பேர்."

அதற்குப் பிறகு நண்டுகள் கூடைக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேர் மேலும் பாவமாகவும் இருந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அன்று இரவு நான் பாணும் சம்பலும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஜபார் வந்தான். முகம் செத்துப்போய் இருந்தது. தன் பகிடிதான் இந்த வீட்டுக்குக் குழி வெட்டிவிட்டது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவன் சும்மா வரவில்லை, ஒரு யோசனையோடு வந்திருந்தான்.

"காத்துல கேக்கல்ல எண்டு சொல்லு மச்சான். அவர் விதானையாரா எண்டு கேட்டது, ஒனக்கு வியாபாரியா எண்டு கேட்டிச்சாம். நண்டு வியாபாரியா எண்டு. நீ ஓமெண்டியாம். முடிஞ்சிது கத."

"நான் வியாபாரியும் இல்லையே."

"அட, அது வேற பொய். அத ஆரு கேக்கப் போறாங்க?"

பதுர்தீன் றம்ஸியாவைப் பார்த்தான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "அப்படியே சொல்லுங்க," என்றாள். "எனக்கு இப்ப வேலதான் வேணும்." அவன் தலையாட்டினான். அந்தக் கிழமை முழுக்க அவன் சேட் போடாமல்தான் துறைக்குப் போனான்.

புதன்கிழமை சங்கக் கட்டடத்தில் ஊர் கூடிவிட்டது. களப்பில் ஒரு வள்ளம் இல்லை. நான் மெஷினை மூடிவிட்டுப் போனேன். ஐஸ் பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளி, கௌசிகனுக்கு மேசை போட்டிருந்தார்கள். அவருக்கு ஒரு பிளேன்டீ கொண்டு வந்து வைத்தார்கள், அவர் தொடவில்லை. றம்ஸியா ஒரு பக்கம், பதுர்தீன் மறு பக்கம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தப் பெண்ணுக்கு உதவத்தான் வந்திருந்தார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் உதவ வந்தால் எனக்குப் பயம்தான்.

கௌசிகன் முதலில் குடியிருப்பில் இருந்து வந்த சுல்பா மாமியைக் கூப்பிட்டார். கூரை போன வீட்டுக்காரி. வயது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். கதிரையில் இருக்கச் சொன்னார், மாமி இருக்கவில்லை.

"அம்மா, பயப்பிடாமல் சொல்லுங்கோ. உங்கட விதானையார் ஆர்?"

மாமி யோசிக்கவே இல்லை. பதுர்தீன் பக்கம் கையை நீட்டினாள். "இவர்தான்."

ஜபார் தலையில் கை வைத்தான். றம்ஸியா கண்ணை மூடினாள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

"இவர்தான் விதானையார்," என்று மாமி மறுபடி சொன்னாள். "ஆனா விதானையார்ட வேலயெல்லாம் செய்றது இந்தப் புள்ளதான்."

கௌசிகன் பேனையை நிறுத்தினார். "விளங்கேல்லை. அப்ப இவர் என்ன செய்யிறவர்?"

"இவரா? நண்டு புடிக்கிறார். வேற என்னத்தச் செய்வார்?"

ஒருவர் சிரித்தார். பிறகு நாலு பேர். பிறகு கட்டடமே சிரித்தது. கௌசிகனுக்கும் வாய் கோணியது. நான் மட்டும் பதுர்தீனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை, கோபம் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. நான் மன்னாரால வந்தவ. எங்கள வெளிய போகச் சொன்ன நாள்ல, எங்கட வாப்பா காலத்துல இருந்து நாங்க கையக் கட்டிக்கிட்டு நிண்ட விதானையார்ட வீட்டுக்குத்தான் முதல்ல ஓடினோம். கதவு தொறக்கல்ல. தட்டித் தட்டிப் பாத்திட்டு வந்திட்டோம். அவரும் பயந்திரிப்பார், நான் குற சொல்ல வரல்ல. இந்தப் புள்ள தகரம் பறக்கக்குள்ள வந்து நிண்டிச்சு. மிச்சத் தகரத்துக்கு மேல கல்லு தூக்கி வச்சிச்சு. நாங்க கூப்பிடவே இல்ல. இத எழுதுங்க."

நான் தமிழ்ச்சி. அந்த நாளைப் பற்றி அவர்கள் பேசினால் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. அன்றும் தெரியவில்லை. கௌசிகனும் பேனையைத்தான் பார்த்தார். பிறகு எழுதினார்.

அடுத்தது பதுர்தீன். கௌசிகனின் குரல் இப்போது இளகியிருந்தது. மனிதர் கெட்டவரில்லை. அவரே வழியும் எடுத்துக் கொடுத்தார்.

"அண்டைக்குச் சரியான காத்து. நான் கேட்டது உங்களுக்கு வடிவாக் கேக்கேல்லைப் போல, என்ன?"

ஜபார் பின்னால் இருந்து இருமினான். ஓம் என்று ஒரு சொல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"கேட்டிச்சு சேர்," என்றான் பதுர்தீன்.

"காத்து..."

"காத்து இரிந்திச்சு. ஆனா கேட்டிச்சு. விதானையாரா எண்டுதான் கேட்டீங்க."

றம்ஸியா அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது பயமா கோபமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது.

"அப்ப ஏன் ஓமெண்டனீங்கள்?"

பதுர்தீன் இடுப்புச் சாரத்தைச் சரிசெய்தான்.

"என்ன எல்லாரும் பதுறு எண்டுதான் சேர் கூப்பிடுவாங்க. டேய் பதுறு, வாடா பதுறு. எனக்கு எளயவனும் அப்படித்தான். நான் அதுக்குக் கோவிக்கிறதில்ல. எங்கட வாப்பா மீன் வாடியில கூலிக்கு நிண்டவர், அவரையும் அப்படித்தான். இவவுக்கு வேல கெடச்ச பொறவுதான் 'ஆர்' போட்டு ஒரு பேர் சொன்னாங்க. பகிடிக்கு எண்டு எனக்குத் தெரியும் சேர். பகிடி எண்டாலும் காதுக்கு நல்லா இரிந்திச்சு." அவன் கௌசிகனைப் பார்த்தான். "நீங்க கேக்கக்குள்ள, ஒங்களுக்கு அது பகிடி எண்டு தெரியா. பகிடி இல்லாம என்ன அப்படிக் கேட்ட மொத ஆள் நீங்கதான். அதுதான் ஓமெண்டேன்."

இப்போது எவரும் சிரிக்கவில்லை. தெருப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் வந்து, போய், இல்லாமல் போனது.

"அவட மேசையில நான் இருந்ததில்ல. ஒரு கையெழுத்து வச்சதில்ல. வைக்கவும் தெரியா, என்ட பேர் மட்டும்தான் எழுதுவேன். அந்த ஓம் என்ட ஓம். அதுக்கு என்ன வேணுமெண்டாலும் செய்யுங்க. அவட வேலய எடுத்திராதீங்க சேர். அவ படிச்ச பாடு எனக்குத் தெரியும்."

கௌசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறிப்போன பிளேன்டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு றம்ஸியாவைப் பார்த்து, "நீங்கள் ஏன் இதைத் தொடக்கத்திலேயே திருத்தேல்லை?" என்றார்.

"திருத்தினேன் சேர். ஒரு கிழம முழுக்கத் திருத்தினேன். பொறவு வேல கிடந்திச்சு."

அவர் அதையும் எழுதினார். கணவர் கடமை எதையும் பார்க்கவில்லை என்று அறிக்கை கொடுப்பதாகவும், இனிமேல் கந்தோரைப் பூட்டினால் எங்கே போயிருக்கிறார் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போக வேண்டும் என்றும் றம்ஸியாவிடம் சொன்னார். எழும்பும்போது கூட்டத்தைப் பார்த்து, "இனிமேல் இவவைத்தான் நீங்கள் விதானையார் எண்டு கூப்பிட வேணும்," என்றார். எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஓம் ஓம் என்றார்கள். அரசாங்கம் சொல்லி எங்கள் வாய் மாறிய சரித்திரம் இல்லை என்பது அந்தப் பெடியனுக்கு எங்கே தெரியப்போகிறது?

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அவள் அவனுக்குச் சோறு போட்டாள், அவன் தின்றான், கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. துறையில் ஆட்கள் அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு கதைத்தார்கள். பழையபடி பதுறு என்று கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை என்று ஜபார் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில், ஜும்ஆத் தொழுகைக்கு முன், இரண்டு பேரும் முற்றத்தில் வலைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அன்று நல்ல நண்டு. நான் வேலிப் பக்கம் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசல் படலையில் சுல்பா மாமி வந்து நின்றாள்.

"விதானையார்," என்று கூப்பிட்டாள்.

முற்றத்தில் இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. இரண்டு பேரும் எழும்பவில்லை. றம்ஸியா அவனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த நண்டைப் பார்த்தான். மாமி யாரைக் கூப்பிட்டாள் என்று எனக்கும் தெரியாது. மாமிக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. நான் ஈர உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ஒங்களத்தான் கூப்பிடுறாங்க," என்றான் பதுர்தீன்.

கட்டிய நாளில் இருந்து அவன் அவளை நீ என்பான், இந்தா புள்ள என்பான். வேலிக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷமாக இருக்கிறேன், ஒரு தரமும் அவன் 'ஒங்கள' என்று சொல்லிக் கேட்டதில்லை. பகிடி பண்ணுகிறானா என்று நான் கிடுகு இடுக்கால் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. றம்ஸியாவும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு படலைக்குப் போனாள்.

"சொல்லுங்க மாமி," என்றார் விதானையார்.